லிகூரியக் கடற்கரையில் நிதானமாகப் பத்து நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஜெனோவா நகரத்திலிருந்து கிழக்கே லா ஸ்பேட்சியா வரை, மலை நேராகக் கடலில் இறங்குகிறது. ஏறக்குறைய 90 கி.மீ. நீளம். ரயிலில் வேகமாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஆகஸ்ட் மாதத்தில், ஒரே நாளில், ஓட்டமாக. அடுத்த இரண்டு முறையும் தங்கி. ஒரு முறை அம்மாவும் கூட வந்தார். போக நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பத்து நாள் இருந்தால் நல்லது. ஏழு நாளிலும் முடியும். நான்கு நாள்தான் கிடைக்கும் என்றால் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே இருங்கள். ரோம், வெனிஸ், ஃப்ளாரன்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நடுவில் இரண்டு நாள் இங்கே செருகலாமா என்று பலர் கேட்கிறார்கள். செருகலாம். ஆனால் அது வேறு மாதிரியான பயணம், இந்தப் பக்கம் அதற்கு உதவாது.

சின்குவே தெர்ரே என்னும் கடலோரப் பகுதியின் ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார்களே?

பார்க்கலாம். ரயில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மூன்று, நான்கு நிமிடத்தில் போய்விடுகிறது. நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். அன்று பெரும்பாலான நேரம் நடைமேடையில் நின்றதுதான் நினைவிருக்கிறது. இறங்கு, கூட்டத்தோடு துறைமுகம் வரை நட, படம் எடு, திரும்பி நட, ரயிலுக்கு நில். ஐந்து ஊரும் ஒன்று போலத் தோன்றின. உண்மையில் ஒன்று போல இல்லவே இல்லை.

மேற்கிலிருந்து வரிசை இப்படி: மோன்டெரோசோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. மோன்டெரோசோவில் மட்டும்தான் நல்ல மணல் கடற்கரை உண்டு. வெர்னாட்சாவில் படகுத்துறையே ஊரின் முற்றம். கோர்னீலியா கடலைத் தொடாமல் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலையத்திலிருந்து ஏறக்குறைய 380 படிகள் ஏற வேண்டும், அல்லது சிறிய பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதனாலேயே அங்கே கூட்டம் குறைவு. மனரோலாவைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். ரியோமஜோரே ஒரு பிளவுக்குள் செங்குத்தாக அடுக்கிய ஊர்.

பகல் பதினோரு மணி முதல் ஐந்து மணி வரை இவை வந்து போகிறவர்களின் ஊர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் ரயிலேறியதும் பாட்டிமார்கள் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள், பிள்ளைகள் தேவாலயத்தின் முன் பந்து உதைக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு முன்பும் அப்படித்தான். இந்த இரண்டு நேரங்களும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றால் இங்கேயோ பக்கத்து ஊரிலோ இரவு தங்க வேண்டும். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் ஏற்பாடுகள்.

அப்படியானால் எங்கே தங்குவது?

இரண்டு இடம் போதும். பத்து நாளில் முதல் நான்கு இரவு கமோலி, அடுத்த ஐந்து இரவு லெவான்டோ. இது என் தேர்வு.

கமோலி ஜெனோவாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி தூரம்தான். கடலோரமாக ஆறு, ஏழு மாடி உயர வீடுகள், காவியும் மஞ்சளும் ரோஜாவுமாக. ஜன்னல் சட்டங்களும் கல் அலங்காரங்களும் பல வீடுகளில் சுவரில் வரைந்தவை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஓவியம் என்று தெரியும். பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகளும் கப்பல் உரிமையாளர்களுமாக வாழ்ந்த ஊர். சின்குவே தெர்ரே அளவுக்கு வெளிநாட்டுக் கூட்டம் இங்கே இல்லை.

லெவான்டோ சின்குவே தெர்ரேக்கு ஒரு நிலையம் முன்னால் இருக்கிறது. சமதளமான, சாதாரணமான ஊர். காய்கறிக் கடை, மருந்துக் கடை, நீளமான கடற்கரை எல்லாம் உண்டு, அறை வாடகையும் ஐந்து ஊர்களைவிடப் பெரும்பாலும் குறைவு. ஐந்து நிமிடத்தில் மோன்டெரோசோ. மாலையில் வெர்னாட்சாவில் சாப்பிட்டுவிட்டு இரவு ரயிலில் திரும்பிவிடலாம். வெர்னாட்சாவிலேயே அறை எடுக்க ஆசைப்பட்டால் இரண்டு இரவு எடுங்கள், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏற வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

செஸ்ட்ரி லெவான்டேயும் நல்ல இடம். ஒரு மெல்லிய நிலப்பகுதியின் இரண்டு பக்கமும் இரண்டு வளைகுடாக்கள். ஒன்றின் பெயர் அமைதி வளைகுடா. இன்னொன்று கதைகளின் வளைகுடா. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1833-இல் இந்த ஊருக்கு வந்ததை நினைத்து வைத்த பெயர். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கே தங்கினால் நடக்கும் சிரமம் இல்லை.

போர்டோஃபினோ?

அழகான சிறிய துறைமுகம், விலை மிக அதிகம். பக்கத்து ஊரான சாந்தா மார்கெரீத்தாவிலிருந்து கடலோரமாக நடந்தே போகலாம், சுமார் 5 கி.மீ. ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே மாதமும் செப்டம்பர் மாதமும். மே மாதத்தில் மலையெங்கும் பூ, நடக்க இதமான வெயில், ஆனால் கடல் நீர் குளிரும். செப்டம்பரில் கடல் கோடை முழுக்க வாங்கிய சூட்டோடு இருக்கும், திராட்சை அறுவடையும் அப்போதுதான். குளிக்க ஆசை உள்ளவர்கள் செப்டம்பரையே தேர்ந்தெடுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதும் விடுமுறை, அதைச் சுற்றிய இரண்டு வாரமும் நாடே கடற்கரையில் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை படகுகள் பெரும்பாலும் ஓடாது, பாதி உணவகங்கள் மூடிக் கிடக்கும்.

அக்டோபர் பின்பாதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்குத்தான மலையும் சூடான கடலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இலையுதிர் காலத்தில் சில மணி நேரத்திலேயே பெருமழை கொட்டிவிடும். 2011 அக்டோபர் 25 அன்று அப்படிப் பெய்த மழையில் வெர்னாட்சாவும் மோன்டெரோசோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. இன்று போகிறவர்களுக்கு அதன் தடம் எளிதில் தெரியாது. அந்த அளவுக்கு ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வானிலை எச்சரிக்கை விட்டால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள். அன்று மலையேற வேண்டாம்.

கார் எடுக்கலாமா?

வேண்டாம். சாலை குறுகல், வளைவுகள் அதிகம், ஊருக்குள் வெளி வண்டிகளை விடமாட்டார்கள், நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. ஊர் மையங்களில் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் தெரியாமல் நுழைந்தால் கேமரா படம் எடுத்து, அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும்.

ரயிலும் சீட்டும் எப்படி?

இந்தப் பாதை 1874-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாதியும் சுரங்கம். இருட்டு, சட்டென ஒரு நொடி நீலக் கடல், மறுபடி இருட்டு என்று போகும். கடல் பக்கம் உட்காருங்கள்: ஜெனோவாவிலிருந்து வரும்போது வலது பக்கம்.

லெவான்டோவுக்கும் லா ஸ்பேட்சியாவுக்கும் நடுவே பருவ காலத்தில் மணிக்கு இரண்டு, மூன்று முறை உள்ளூர் ரயில் ஓடுகிறது. முழுத் தூரமும் அரை மணி நேரம்தான். ஒற்றைச் சீட்டு இந்தத் துண்டில் மட்டும் விலை கூடுதல். அதற்குப் பதிலாக நாள் அட்டை ஒன்று உண்டு. ரயிலும் கட்டண நடைபாதைகளும் சின்குவே தெர்ரே தேசியப் பூங்காவின் பேருந்துகளும் அதில் அடங்கும். அதன் விலை கூட்டமுள்ள நாட்களில் ஏறும், மற்ற நாட்களில் இறங்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குவீர்கள் என்றால் அட்டை வாங்குங்கள். ஓர் ஊருக்குப் போய் அங்கேயே மாலை வரை இருக்கப் போகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காகிதச் சீட்டு வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். நாங்கள் ஒரு முறை மறந்து அபராதம் கட்டினோம். பரிசோதகர் வெளியூர்க்காரர் என்று பார்க்கமாட்டார். செல்பேசியில் வாங்கிய சீட்டானால் செக்-இன் ஆகிவிட்டதா என்று பாருங்கள். நெரிசலில் ஏறும்போது பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

படகில் போவது வசதியா?

வசதி என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு முறையாவது போக வேண்டும். இந்த ஊர்கள் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. கடலிலிருந்து பார்த்தால்தான் அவற்றின் முகம் தெரியும். ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. கோர்னீலியாவில் மட்டும் நிற்காது. அலை பெரிதானால் சேவையை நிறுத்திவிடுவார்கள், அதனால் படகை நம்பித் திரும்பும் விமானத்தைத் திட்டமிடாதீர்கள். இறங்கும் பலகை ஆடும். முட்டி வலி உள்ளவர்கள் காற்றில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கமோலியிலிருந்து சான் ஃப்ருட்டுவோசோவுக்குப் போகும் படகுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அரை மணிப் பயணம். மலை மடிப்புக்குள் ஒரு சின்னக் கூழாங்கல் கரை, அதன் மேல் பழைய மடாலயம். சாலை கிடையாது, படகில் வர வேண்டும், இல்லையேல் மலையில் நடந்து வர வேண்டும். அந்த விரிகுடாவின் அடியில், சுமார் 17 மீட்டர் ஆழத்தில், கைகளை மேலே தூக்கியபடி ஒரு வெண்கல இயேசு சிலை நிற்கிறது. 1954-இல் இறக்கினார்கள். முக்குளிப்பவர்களுக்குத்தான் அது தெரியும், ஆனால் அதன் மேல் மிதக்கிறோம் என்று தெரிந்து நீந்துவது தனி அனுபவம்.

அதே வழியில், கமோலிக்கு அருகே கடலில் ஒரு வலை கட்டியிருப்பார்கள். சூரை மீன் போன்றவற்றுக்கான நிலை வலை, பல நூற்றாண்டுப் பழக்கம். அதைத் தென்னை நாரால் பின்னுகிறார்கள். பருவம் முடிந்ததும் வலையை அறுத்துவிட்டால் நார் கடலிலேயே மக்கிப்போகும். தென்னை மரமே இல்லாத கரையில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு வீட்டு நினைவு வந்தது.

நடைபாதைகள் கடினமா? பெற்றோரை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அவருக்கு மிகவும் பிடித்தது லெவான்டோவிலிருந்து பொனசோலா வழியாக ஃப்ரமூரா போகும் பாதை. பழைய ரயில் சுரங்கங்களையே நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள். முற்றிலும் சமம். சுரங்கத்துக்குள் குளிர்ச்சி, வெளியே வந்தால் கடல். நடுவில் பொனசோலாவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம்.

ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள காதல் பாதையும் எளிதுதான், சுமார் ஒரு கிலோமீட்டர். 2012-இல் பாறை சரிந்து சிலர் காயமடைந்ததால் மூடப்பட்டு, பெரும் செலவில் மலையைப் பலப்படுத்தி 2024-இல் திறந்தார்கள். இப்போது நேரம் குறித்து முன்பதிவு செய்து, தனிக் கட்டணம் கட்டிப் போக வேண்டும்.

மோன்டெரோசோவிலிருந்து வெர்னாட்சா வரை போகும் பாதை வேறு விதம். மூன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் ஒழுங்கில்லாத கல் படிகள், ஏற்ற இறக்கம், இரண்டு மணி நேரம் ஆகும். உடம்பு பழகியவர்கள் காலை ஏழரைக்கு முன் தொடங்குங்கள். செருப்போடு போனால் அபராதம் போடுவார்கள். பிடிப்புள்ள காலணி கட்டாயம்.

அந்தப் பாதையில் கடலை மட்டும் பார்க்காதீர்கள், கைப்பக்கச் சுவரையும் பாருங்கள். மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தாங்கச் சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய சுவர்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளாக, கூடையில் மண்ணும் கல்லும் சுமந்து கட்டியவை. 1997-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததே இந்த மனித உழைப்புக்காகத்தான். மழைநீர் கல் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், மண் தங்கும். விவசாயத்தை விட்டுவிட்டு ஆட்கள் போய்விட்டால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் மலையே ஊருக்குள் வரும். சுவர் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். ஒரு கல் பெயர்ந்தால் போதும், அடுத்த மழைக்கு அந்த இடம் பிளந்துகொள்ளும். அறுவடைக் காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் திராட்சைப் பெட்டிகளை இழுத்துப் போகும் சிறிய இயந்திரத்தைப் பார்த்தால் வழிவிட்டு நில்லுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இத்தாலியிலேயே சைவருக்கு நல்ல கரைகளில் ஒன்று இது. பெஸ்டோ இங்கே பிறந்தது: துளசி வகைக் கீரையான பசிலிக்கோ, பைன் கொட்டை, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி. முறுக்கிய சிறு பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துத் தருவார்கள். கீரைப் பூரணம் வைத்த பான்சோத்தி என்ற பாஸ்தா மேல் வால்நட் குழம்பு ஊற்றித் தருவார்கள். அம்மா இரண்டு நாள் அதையே சாப்பிட்டார். பசிக்கும்போதெல்லாம் ஃபொகாச்சா: ஆலிவ் எண்ணெய் ஊறிய தட்டை ரொட்டி, எடை போட்டு விற்பார்கள். கமோலிக்குப் பக்கத்து ஊரான ரேக்கோவில் மெல்லிய இரண்டு மாவுத் தகட்டுக்கு நடுவே இளம் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுவார்கள். சூடாக, கடை வாசலிலேயே சாப்பிட வேண்டும்.

அப்புறம் ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு அவ்வளவுதான். பெரிய செப்புத் தாம்பாளத்தில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. பாலும் முட்டையும் தொடாதவர்களுக்கும் இது ஆகும்.

கவனிக்க வேண்டியது: நெத்திலி இனத்து மீனான அச்சூகே எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும். “சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா அச்சூகே” என்று சொல்லுங்கள்: கறி, மீன், அச்சூகே இல்லாமல் என்று பொருள். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று நொதியைச் சேர்க்கிறார்கள். அதையும் தவிர்ப்பவர்கள் பெஸ்டோவில் அது உண்டா என்று கேட்க வேண்டும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் மோன்டெரோசோவில் அதே அச்சூகேயை எலுமிச்சைச் சாறில் ஊறவைத்துத் தருவதைச் சாப்பிடாமல் வராதீர்கள்.

சாப்பாட்டு நேரம், பில் பற்றி ஏதாவது?

மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை, இரவு ஏழரைக்கு மேல். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். பில்லில் தலைக்கு இரண்டு, மூன்று யூரோ ‘கோப்பேர்த்தோ’ என்று இருக்கும். அது ரொட்டிக்கும் மேசைக்கும் வழக்கமாக வாங்குவது, ஏமாற்று அல்ல. காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. விடுதியில் ஓர் இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாக வாங்குவார்கள், சில்லறை வைத்திருங்கள்.

கடலில் குளிக்க இடம் உண்டா?

உண்டு. குடையும் நாற்காலியும் வரிசையாக இருந்தால் அது கட்டணக் கரை. பக்கத்திலேயே இலவசக் கரையும் இருக்கும், சிறியதாக. கரை பெரும்பாலும் கூழாங்கல் என்பதால் ரப்பர் காலணி எடுத்துப் போங்கள்.

லெரிச்சி பக்கம் போக வேண்டுமா?

ஐந்து ஊரையும் விட அமைதி வேண்டும் என்றால் போங்கள். லெரிச்சி இருக்கும் லா ஸ்பேட்சியா வளைகுடாவுக்குக் கவிஞர்களின் வளைகுடா என்று பெயர். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி லெரிச்சிக்கு அருகே சான் டெரென்சோவில் கடலை ஒட்டிய வீட்டில் இருந்தார். 1822 ஜூலையில் லிவோர்னோவிலிருந்து பாய்மரப் படகில் திரும்பும்போது புயலில் மூழ்கி இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வீடு இன்னும் இருக்கிறது. வளைகுடாவின் எதிர்முனை போர்டோ வெனேரே. பாறை நுனியில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சான் பியேத்ரோ தேவாலயம். இந்த இரண்டு ஊருக்கும் ரயில் இல்லை, லா ஸ்பேட்சியாவிலிருந்து பேருந்தோ படகோதான்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மே மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளில் வசிப்பு அனுமதி உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்குத் தனி விசா தேவையில்லை.

ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் எழுதாதீர்கள். எங்கள் நாள் ஒன்றைச் சொல்கிறேன்: ஏழு மணிக்கு ஃபொகாச்சா வாங்கி, லிகூரியர்கள் செய்வது போலக் கப்புச்சீனோவில் தொட்டுச் சாப்பிட்டோம். எட்டரை மணி ரயிலில் மனரோலா. தோட்டங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடை. கூட்டம் வந்ததும் நாங்கள் லெவான்டோ திரும்பிவிட்டோம். மதியச் சாப்பாடு, தூக்கம். ஐந்து மணிக்குக் கடல். ஏழு மணிக்கு வெர்னாட்சா துறைமுகச் சுவரில் உட்கார்ந்து இருட்டும் வரை ஒன்றும் செய்யவில்லை. அம்மா அங்கே வலை ஒழுங்குபடுத்திய ஒருவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை பெய்தால்?

சாதாரண மழையென்றால் ஜெனோவாவுக்கு ரயிலேறுங்கள். பழைய நகரத்தின் சந்துகளில் நடக்கலாம். துறைமுகத்தை ஒட்டி வளைவுகளின் கீழே போகும் சோத்தோரீபா என்ற தெருவில் நனையாமல் ஃபரினாத்தா சாப்பிடலாம். கரிபால்டி தெருவின் மாளிகைகளுக்கு ஒரு நாள் பத்தாது. சிவப்பு எச்சரிக்கை என்றால் அறையிலேயே இருங்கள். வீட்டுக்காரரிடம் ஷாக்கெத்ரா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இதே அடுக்குத் தோட்டங்களின் திராட்சையைப் பறித்து, நிழலில் வாரக்கணக்கில் உலர்த்திப் பிழிந்த இனிப்பு ஒயின் அது. உலர்ந்தபின் சாறு கொஞ்சமே கிடைக்கும் என்பதால் சின்னக் கோப்பையில்தான் ஊற்றுவார்கள். கூடவே ஒரு பிஸ்கட் தருவார்கள்.